அடிமைகளின் கிளர்ச்சியும் சபைகளின் கணக்கும்

1831-ஆம் ஆண்டில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு அடிமைக் கிளர்ச்சிகள் வெடித்தன. ஆகஸ்ட் 21 இரவு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சவுத்தாம்ப்டன் கவுண்டியில், நாட் டர்னர் தலைமையில் ஒன்று. டிசம்பர் 27 இரவு பிரிட்டிஷ் காலனியான ஜமைக்காவின் மேற்குப் பகுதியில், சாம் ஷார்ப் என்ற பாப்டிஸ்ட் சபை டீக்கன் (சபைப் பொறுப்பாளர்) திட்டமிட்ட மற்றொன்று. இரண்டையும் துப்பாக்கிகளைக் கொண்டு அடக்கினார்கள். இரண்டு தலைவர்களையும் தூக்கிலிட்டார்கள். வர்ஜீனியாவில் அடிமைமுறை மேலும் இறுகி 1865 வரை நீடித்தது. ஜமைக்காவிலோ இருபது மாதங்களில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

ஒரே ஆண்டில், ஒரே மாதிரியான தோல்விக்குப் பிறகு, விளைவுகள் ஏன் இப்படி எதிரெதிராகப் போயின? கிளர்ச்சியாளர்களின் வீரத்தை அளந்து இதற்கு விடை சொல்ல முடியாது. கிளர்ச்சிக்கு மறுநாள் கூடிய சபை எது, அதில் வாக்களித்தவர் யார், அவருடைய சொத்துப் பட்டியலில் அடிமைகள் இருந்தார்களா என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. அடிமைக் கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது போர்க்களத்தை விவரித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அரசியல் விளைவு அதற்குப் பிறகுதான், தீர்மானங்களிலும் பற்றுவரவுக் கணக்குகளிலும் முடிவானது.

வர்ஜீனியாவை முதலில் முடித்துவிடலாம். டர்னரின் குழு சுமார் 55 வெள்ளையரைக் கொன்றது. நவம்பர் 11 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். 1832 ஜனவரியில் மாநிலச் சட்டமன்றம் அடிமைமுறையை வெளிப்படையாகவே விவாதித்தது. தாமஸ் ஜெபர்சன் ராண்டால்ஃப் என்ற உறுப்பினர், 1840 ஜூலை 4-க்குப் பின் பிறக்கும் குழந்தைகளைப் படிப்படியாக விடுவிக்கும் யோசனையை முன்வைத்தார். தெற்கு மாநிலம் ஒன்றின் சட்டமன்றத்தில் இப்படியொரு விவாதம் நடந்ததே பெரிய விஷயம். மலைப்பாங்கான மேற்குக் கவுண்டிகளில் அடிமைகள் குறைவு. அங்கிருந்து வந்தவர்கள் நடவடிக்கை கேட்டார்கள். கிழக்குக் கவுண்டிகளில் அடிமைகள் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் திருத்திய மாநில அரசமைப்பு அந்தப் பகுதிக்கே கூடுதல் இடங்களை ஒதுக்கியிருந்தது. ஒழிப்புக்கான சட்டம் இயற்ற வேண்டும் என்ற திருத்தம் 58-க்கு 73 என்று தோற்றது. மார்ச் மாதம் வந்த சட்டம் கறுப்பினத்தவர் மதப் பிரசங்கம் செய்வதைத் தடை செய்தது. டர்னர் ஒரு பிரசங்கியார் என்பதால் சட்டத்தின் குறி அங்கே போனது. அடிமை உரிமையாளர்களே சட்டம் இயற்றும் இடத்தில் கிளர்ச்சி அச்சத்தை உண்டாக்கியது. அந்த அச்சம் கட்டுப்பாடாக மாறியது.

ஜமைக்காவிலும் ஒரு சட்டசபை இருந்தது. அதுவும் தோட்டத்துரைகளின் சபைதான், வர்ஜீனியாவைவிட மூர்க்கமானது. ஆனால் அதற்கு மேலே லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் இருந்தது. அந்த நாடாளுமன்றத்தை அசைக்க ஒரு கிளர்ச்சி போதவில்லை. ஜமைக்காவுக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, இன்றைய கயானாவின் டெமராராவில் ஒன்று நடந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் 1833-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

டெமராராவின் கிழக்குக் கடற்கரை தாழ்வான நிலம். கடலுக்கு ஒரு கரை, உள்ளே சதுப்புக்கு ஒரு கரை, நடுவே வாய்க்கால்கள் என்று மீட்டெடுத்த பூமி. தோட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நீண்ட பட்டைகளாகக் கடலைப் பார்த்துக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே கடற்கரைச் சாலை இணைத்தது. ஒரு தோட்டத்தில் காலையில் பேசியது மாலைக்குள் இருபது தோட்டங்களுக்குப் போய்விடும். அந்த வரிசையில் ‘லே ரெசூவெனிர்’ தோட்டத்தில் லண்டன் மிஷனரி சங்கத்தின் பெத்தேல் சிற்றாலயம் இருந்தது. 1817 முதல் அதன் போதகர் ஜான் ஸ்மித். அவருடைய டீக்கன்களில் ஒருவர் குவாமினா, பக்கத்து ‘சக்சஸ்’ தோட்டத்தின் தலைமைத் தச்சர். அவருடைய மகன் ஜாக், உரிமையாளரின் குடும்பப் பெயரைச் சுமந்து ஜாக் கிளாட்ஸ்டன் என்று அழைக்கப்பட்டார். சக்சஸ் தோட்டத்தின் உரிமையாளர் லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நெடுகிலும் வரும்.

1823 மே 15 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் படிப்படியான ஒழிப்புக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். அமைச்சர் கேனிங் அதை நீர்க்கச்செய்து, அடிமைகளின் நிலையை ‘மேம்படுத்தும்’ தீர்மானங்களாக மாற்றினார். மே 28 தேதியிட்டு காலனிச் செயலர் பாத்தர்ஸ்ட் பிரபு சுற்றறிக்கை அனுப்பினார். வயலில் சவுக்கு வைத்திருக்கக்கூடாது, பெண்களைக் கசையால் அடிக்கக்கூடாது என்பவை அதன் முக்கிய அம்சங்கள். ஜூலை தொடக்கத்தில் அது டெமராராவுக்கு வந்தது. ஆளுநர் மர்ரேயும் தோட்டத்துரைகள் நிறைந்த ஆலோசனை மன்றமும் வாரக்கணக்கில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிக்காமல் இழுத்தடித்தார்கள். சாப்பாட்டு மேசையில் மட்டும் அதைப் பற்றிக் கொதித்தார்கள். மேசையில் பரிமாறியவர்கள் கேட்டார்கள். கடற்கரைச் சாலை நெடுக ஒரே செய்தி பரவியது: அரசர் விடுதலை கொடுத்துவிட்டார், துரைகள் மறைக்கிறார்கள்.

இதை வெறும் வதந்தி என்று ஒதுக்குவது தவறு. துரைகளின் கோபத்தின் அளவைப் பார்த்து, வந்திருக்கும் காகிதத்தின் எடையை அடிமைகள் கணக்கிட்டார்கள். 1816-இல் பார்படோஸிலும் இதே வரிசைதான்: லண்டனில் அடிமைகளைப் பதிவு செய்யும் மசோதா, தீவில் துரைகளின் கூச்சல், அடிமைகள் மத்தியில் விடுதலைச் செய்தி, ஈஸ்டர் ஞாயிறன்று புஸ்ஸாவின் பெயரால் நினைவுகூரப்படும் கிளர்ச்சி. நாடாளுமன்ற விவாதத்தை நான்காயிரம் மைல் தள்ளி இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த மக்கள் வேறு யாரும் அன்று இருந்திருக்க மாட்டார்கள்.

டெமராராவில் 1823 ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை மாலை சக்சஸ் தோட்டத்தில் கிளர்ச்சி தொடங்கியது. சுமார் 60 தோட்டங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். திட்டம் கட்டுப்பாடானது: துரைகளையும் மேற்பார்வையாளர்களையும் பிடித்து, அடிமைகளைப் பூட்டும் அதே தொழுமரத்தில் மாட்டுவது, ஆயுதங்களை எடுத்துக்கொள்வது, ஆளுநரிடம் பேசுவது. கொல்லப்பட்ட வெள்ளையர் இரண்டு மூன்று பேர்தான். 20-ஆம் தேதி ‘பேச்சலர்ஸ் அட்வெஞ்சர்’ தோட்டத்தருகே லெப்டினன்ட் கர்னல் லேஹி படையோடு வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, விடுதலை என்றார்கள் சிலர். வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு, கோயிலுக்குப் போக ஞாயிறு என்றார்கள் வேறு சிலர். கலையச் சொன்னார், கலையவில்லை, சுட்டார்கள். இருநூறு பேர் அளவில் அங்கேயே செத்தார்கள். வன்முறையைத் தடுக்கத் தொடர்ந்து மன்றாடிய குவாமினாவை செப்டம்பரில் காட்டில் சுட்டுக் கொன்று, உடலைச் சங்கிலியில் கட்டி சக்சஸ் தோட்டத்தின் முன்னே தொங்கவிட்டார்கள். ஜாக் செயின்ட் லூசியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

உடனடி விளைவு பின்னடைவுதான். 1824 மார்ச்சில் கேனிங் பின்வாங்கினார். சீர்திருத்தங்களை லண்டன் நேரடியாகக் கட்டாயமாக்கும் இடம் டிரினிடாட் மட்டும் என்று சுருக்கினார். பார்படோஸில் வெள்ளைக் கும்பல் மெதடிஸ்ட் சிற்றாலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது.

ஆனால் டெமராரா துரைகள் ஒரு பிழை செய்தார்கள், அதுதான் அவர்களைக் கவிழ்த்தது. போதகர் ஸ்மித்தை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி மரண தண்டனை விதித்தார்கள். காசநோய் முற்றியிருந்த அவர் 1824 பிப்ரவரி 6 அன்று சிறையில் இறந்தார். தண்டனையை ரத்து செய்த அரச ஆணை பிறகுதான் வந்து சேர்ந்தது. ஜூன் மாதம் ஹென்றி புரூம் காமன்ஸ் சபையில் கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் 146-க்கு 193 என்று தோற்றாலும், அரசின் பக்கம் 47 வாக்குகள்தான் கூடுதல். இங்கிலாந்தின் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் சபையினர் அடிமை ஒழிப்பைத் தங்கள் சொந்த வழக்காக எடுத்துக்கொண்டது இதன் பிறகுதான். இருநூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் சாவு அசைக்காத நாடாளுமன்றத்தை ஒரு வெள்ளைப் போதகரின் சாவு அசைத்தது. இதைச் சொல்லக் கசக்கிறது. ஆனாலும் அந்த வழக்கை லண்டன் வரை கொண்டுசேர்த்தவர்கள் சக்சஸ் தோட்டத்து ஆட்கள்தான். அவர்கள் எழுந்திருக்காவிட்டால் ஸ்மித்தின் பெயர் சங்கத்தின் ஆண்டறிக்கையோடு நின்றிருக்கும்.

இனி ஜமைக்கா. 1831-இல் துரைகள் ‘பாரிஷ்’ எனப்படும் நிர்வாக வட்டங்களில் கூட்டம் போட்டு, லண்டன் தலையிட்டால் அமெரிக்காவோடு சேர்ந்துவிடுவோம் என்று வெளிப்படையாக மிரட்டினார்கள். அந்தப் பேச்சுகள் செய்தித்தாள்களில் அச்சாயின. வாசிக்கத் தெரிந்த ஷார்ப் அவற்றை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய திட்டம் வேலைநிறுத்தம்: கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் கூலி தருவதாக ஒப்புக்கொள்ளாதவரை யாரும் வேலைக்குத் திரும்பக்கூடாது. கரும்பு வெட்டும் பருவம் தொடங்கும் நேரம் அது. முற்றிய கரும்பை வெட்டி உடனே ஆலையில் பிழியாவிட்டால் சாறு கெட்டுப்போகும்; தாமதம் நீள நீள துரையின் அந்த ஆண்டு வருமானம் கரைந்துவிடும். தொழிலின் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் போட்ட திட்டம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கமான கூடுதல் விடுமுறை நாளைத் துரைகள் மறுத்தது எரிச்சலைக் கூட்டியது. 27-ஆம் தேதி இரவு மலைமேல் இருந்த கென்சிங்டன் தோட்டம் எரிந்தது. அதைப் பார்த்து மற்ற தோட்டங்களும் எரிந்தன. வேலைநிறுத்தமாகத் தொடங்க வேண்டியது அந்த இரவே ஷார்ப்பின் கையை மீறியது.

மூன்று லட்சத்துச் சொச்சம் அடிமைகளில் அறுபதாயிரம் பேர் வரை கலந்துகொண்டதாகக் கணக்கிடுகிறார்கள். கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். சண்டையில் இறந்த அடிமைகள் சுமார் 200. அதன்பிறகு நீதிமன்றம் என்ற பெயரில் தூக்கிலிடப்பட்டவர்கள் 300-க்கும் மேல். சொத்துச் சேதம் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஷார்ப் 1832 மே 23 அன்று மாண்டிகோ பேயில் தூக்கிலிடப்பட்டார்.

துரைகள் டெமராராவின் பிழையை அப்படியே திரும்பச் செய்தார்கள். ‘காலனியல் சர்ச் யூனியன்’ என்று அமைப்பு கட்டி பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சிற்றாலயங்களை இடித்தார்கள், கொளுத்தினார்கள், போதகர்களைச் சிறையிலடைத்தார்கள். அப்படி விரட்டப்பட்ட வில்லியம் நிப் 1832-இல் இங்கிலாந்து வந்து இறங்கினார். நகரம் நகரமாகப் பேசினார். நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழுக்கள் முன் சாட்சி சொன்னார். அந்தக் குழுக்களில் கேள்வியே மாறிப்போயிருந்தது. அதுவரை விடுதலை கொடுத்தால் ஆபத்து வருமா என்று கேட்டவர்கள், கொடுக்காமல் விட்டால் எவ்வளவு ஆபத்து என்று கேட்க ஆரம்பித்தார்கள். பல நூறு மைல் கடற்கரைக்கும் மலைக்கும் நிரந்தரமாகப் படை வைக்கும் செலவு யார் தலையில் விழும் என்ற கணக்கு இதற்குள் இருந்தது.

அதே 1832 ஜூனில் சீர்திருத்தச் சட்டம் வந்து வாக்காளர் பட்டியல் விரிந்தது. பணம் கொடுத்து வாங்கக்கூடிய அழுகிய தொகுதிகள் பல ஒழிந்தன. மேற்கிந்தியத் தீவுத் துரைகளின் ஆட்கள் சபைக்குள் நுழைந்த வழிகளில் அவையும் ஒன்று. டிசம்பர் தேர்தலில் ஒழிப்பு இயக்கத்தார் ஒவ்வொரு வேட்பாளரிடமும் உறுதிமொழி கேட்டார்கள்; கொடுத்தவர்களில் நூறு பேருக்கு மேல் வென்றார்கள். 1833-இல் மனுக்கள் ஐயாயிரத்தைத் தாண்டின, கையெழுத்துகள் பதின்மூன்று லட்சம். பெண்கள் மட்டுமே கையெழுத்திட்ட ஒரு மனுவில் 1,87,000 பெயர்கள். சீர்திருத்தம் மட்டும் வந்திருந்தால் ஒழிப்பு சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். கிளர்ச்சி மட்டும் நடந்திருந்தால் 1824 போல ஒடுக்குமுறையில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. இரண்டும் ஓராண்டுக்குள் வந்து சேர்ந்தன.

சட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் யாருடைய பேரம் வென்றது என்பது தெரியும். 1833 மே மாதம் காலனிச் செயலர் ஸ்டான்லி வைத்த முதல் வரைவு: துரைகளுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு கடன், அடிமைகளுக்கு 12 ஆண்டுகள் ‘பயிற்சிக் காலம்’. பேரத்தில் கடன் மானியமாக மாறி 2 கோடி ஆனது. பயிற்சிக் காலம் வயல் ஆட்களுக்கு ஆறு ஆண்டும் மற்றவர்களுக்கு நான்கு ஆண்டும் ஆனது. ஆகஸ்ட் 28 அன்று அரச ஒப்புதல். 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் உடனடி விடுதலை. மற்றவர்கள் பெயரளவில் சுதந்திரம் பெற்று, வாரத்தில் 45 மணி நேரம் வரை பழைய துரைக்கே கூலியின்றி உழைக்க வேண்டும்.

அந்த 2 கோடி, அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். முக்கால் பங்கை லண்டன் நிதியாளர்களான ரோத்ஸ்சைல்டும் மான்டிஃபியோரியும் முன்னின்று திரட்டிய கடனால் கட்டினார்கள். கடைசிப் பாக்கி 2015-இல்தான் தீர்ந்தது. 21-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் வரிப்பணமும் அதில் போயிருக்கிறது. பங்கிட்ட முறை இது: 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு காலனியிலும் அடிமைகள் விற்ற சராசரி விலையை எடுத்தார்கள். தலைமை ஆள், தொழில் தெரிந்தவர், வயல் ஆள், பலம் குறைந்த வயல் ஆள், குழந்தை, முதியவர் என்று வகைபிரித்தார்கள். மொத்த மதிப்பு நாலரைக் கோடி வந்தது. அதற்கு விகிதமாக 2 கோடியைப் பிரித்தார்கள். நிலம் வளமான பிரிட்டிஷ் கயானாவில் தலைக்குச் சராசரி 52 பவுண்டு அளவில் கிடைத்தது. களைத்துப்போன ஜமைக்கா மண்ணில் 20-க்குச் சற்றுக் குறைவு. விடுவிக்கப்பட்ட சுமார் எட்டு லட்சம் பேருக்கு ஒரு பென்னி ஒதுக்கப்படவில்லை.

ஜான் கிளாட்ஸ்டனுக்கு 2,508 அடிமைகளுக்காக 1,06,769 பவுண்டு கிடைத்தது. குவாமினாவின் உடல் தொங்கிய தோட்டத்துக்கான பணமும் இதில் அடங்கும்.

வென்ற கிளர்ச்சிக்கும் இதே கணக்கைத்தான் நீட்டினார்கள். பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹெய்ட்டியில் 1791 ஆகஸ்டில் தொடங்கிய போர் 1804 ஜனவரி 1 அன்று விடுதலை நாட்டில் முடிந்தது. நெப்போலியனின் படை அங்கே மஞ்சள் காய்ச்சலாலும் சண்டையாலும் அழிந்ததும், அமெரிக்கக் கண்டத்தில் பேரரசு கட்டும் எண்ணத்தை அவர் கைவிட்டு, 1803-இல் லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார். அந்த நிலத்தில் லூசியானா, மிசௌரி, ஆர்கன்சாஸ் என்று புதிய அடிமை மாநிலங்கள் முளைத்தன. ஹெய்ட்டி மக்களின் வெற்றி வேறிடத்தில் இன்னொரு தலைமுறையின் விலங்குக்கு நிலம் ஒதுக்கிக் கொடுத்தது, இந்த வரலாற்றில் என்னை மிகவும் வதைக்கும் இடம். 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரத்துக்கு விலையாக 15 கோடி பிராங்க் கேட்டார், ஐந்து தவணைகளில். முதல் தவணையான 3 கோடியைக் கட்டவே பாரிஸ் வங்கிகளிடம் கடன். அதில் 60 லட்சத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். 1838-இல் மொத்தம் 9 கோடியாகக் குறைந்தது. ஆனால் வட்டிக்கு மேல் வட்டியாகக் கடன் அடுத்த நூற்றாண்டு வரை தொடர்ந்தது. அமெரிக்கா ஹெய்ட்டியை அங்கீகரித்தது 1862-இல், அடிமை மாநிலங்களின் உறுப்பினர்கள் காங்கிரஸை விட்டு வெளியேறிய பிறகு.

கிளாட்ஸ்டன் இழப்பீட்டோடு நிற்கவில்லை. பயிற்சிக் காலம் முடிந்தால் கறுப்பினத் தொழிலாளர்கள் கூலியைப் பேரம் பேசுவார்கள், தோட்டத்தை விட்டுச் சொந்தமாக நிலம் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. 1823-இல் வாரத்தில் மூன்று நாள் கேட்டவர்கள் அவர்கள். 1836 ஜனவரி 4 அன்று கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் நிறுவனத்துக்கு எழுதி, ஒப்பந்தக் கூலிகளை அனுப்ப முடியுமா என்று கேட்டார். மொரீஷியஸுக்கு 1834 முதலே இந்தியர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1838 மே 5 அன்று ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் 396 பேரோடு பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. அவர்களில் ஒரு பகுதியினர் சோட்டா நாக்பூர் பழங்குடியினர். கிளாட்ஸ்டனின் ‘வ்ரீட்-என்-ஹூப்’ தோட்டத்துக்கும் ஆட்கள் போனார்கள். அந்த ஆகஸ்ட் 1 அன்று கறுப்பினத்தவரின் பயிற்சிக் காலம் எல்லோருக்கும் முன்கூட்டியே முடிந்தது. மூன்று மாத இடைவெளியில் மாற்று ஆட்கள் தயார். தோட்டத்தில் அவர்களைக் கசையால் அடித்த செய்தி லண்டனுக்கு எட்டி ஒழிப்பு இயக்கத்தார் கூச்சலிட்டதால் கப்பல்கள் நின்றன. 1845-இல் மீண்டும் ஓடின, இம்முறை சென்னைத் துறைமுகத்திலிருந்தும். 1917 வரை கயானாவுக்குப் போன சுமார் 2,39,000 இந்தியர்களில் தமிழரும் தெலுங்கருமான ‘மதராசிகள்’ சிறுபான்மையினர். கயானாவின் பெர்பீஸ் கரையோரம் இன்றும் நடக்கும் மாரியம்மன் பூசையும் தீமிதியும் அவர்கள் கொண்டுபோனவை.

1833 சட்டத்தின் 64-ஆவது பிரிவைப் பற்றித் தமிழில் போதிய அளவு பேசவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. தஞ்சையிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடமானம் வைக்கவும்பட்ட உழவடிமைகள், பெரும்பாலும் பறையர், பள்ளர், புலையர், செறுமர், வெஸ்ட்மின்ஸ்டர் எண்ணிய எட்டு லட்சத்தில் சேரவில்லை. அவர்களுக்காக உறுதிமொழி கேட்ட வாக்காளர் இல்லை. அவர்கள் மத்தியிலிருந்து லண்டன் போய்ச் சாட்சி சொன்னவரும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து வந்த 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவர் அடிமை என்ற அடிப்படையில் எந்த உரிமையையும் நீதிமன்றம் ஏற்காது என்றது. யாரையும் விடுவிப்பதாக அதில் வாசகம் இல்லை. இழப்பீடு இல்லை, பதிவேடு இல்லை, கண்காணிக்க நீதிபதி இல்லை. அடிமையை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் அமலுக்கு வந்தபோதுதான். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் நீதிமன்றத்தின் கதவைத் தட்டத் தெரியாத பண்ணையாளுக்கு வாங்கிய கடன் இருந்தது, குடியிருந்த மனை மிராசுதாருடையதாக இருந்தது, சென்னைத் துறைமுகத்தில் ஆள்பிடிப்பவர் கப்பல் ஏற்றக் காத்திருந்தார்.